தண்டனையில் மட்டும் தவறு என்றால் எந்த மனு? நெல்லைச் சீமைக்கு ஓர் ஒப்பீடு

குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது ஒரு பக்கம். அதற்கு விதித்த தண்டனை சட்டப்படி நிற்குமா என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டதால், பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் தீர்ப்பு வாசித்து முடிந்ததும் குடும்பத்தார் வக்கீலிடம் கேட்கும் முதல் கேள்வி, “மதுரைக்குப் போட்டுருவமா?” என்பதாக இருக்கிறது. எங்கே போடுவது என்பதற்கு முன்னால், தண்டனைப் பகுதியில் என்ன வகைத் தவறு நேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதே முறை. அது பிடிபட்டுவிட்டால், முழு மேல்முறையீடா, தண்டனையின் அளவை மட்டும் எதிர்க்கும் மேல்முறையீடா, கீழ் நீதிமன்ற உத்தரவின் சட்டத்தன்மையைப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவா (ரிவிஷன்), தண்டித்த நீதிமன்றத்திலேயே ஒரு திருத்த மனுவா, அல்லது எதையும் போடாமல் மீதி நாட்களைக் கழித்துவிடுவதா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மதுரை என்பதே எல்லா வழக்குக்கும் விடை அல்ல. அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ உள்ள நீதித்துறை நடுவர் தண்டித்திருந்தால், மேல்முறையீடு பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கே செல்லும். அதற்குக் காலக்கெடு 30 நாள். அமர்வு நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்திருந்தால், 2004 ஜூலை 24 முதல் நெல்லை வழக்குகளைக் கேட்டுவரும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். அதற்கு 60 நாள். மரண தண்டனை என்றால் மட்டும் 30 நாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சிறப்பு நீதிமன்றம் தண்டித்திருந்தால் அந்தச் சட்டத்தின் 14ஏ பிரிவே தனியாக 90 நாள் தருகிறது. தீர்ப்பு நகல் வாங்கச் செலவான நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருந்தாலும், இந்த அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. பிரிவு எண்கள்தான் மாறியிருக்கின்றன. மேல்முறையீட்டுக்கான பழைய 374ஆம் பிரிவு இப்போது 415.

இனித் தவறின் வகைக்கு வருவோம். தண்டனை அதிகம் என்பது ஒரு குறை. தண்டனை சட்டவிரோதம் என்பது வேறு குறை. முதலாவதில் நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது, அதை அவர் கடுமையாகப் பயன்படுத்திவிட்டார் என்று சொல்கிறோம். இரண்டாவதில் அந்த அதிகாரமே அவருக்கு இல்லை என்கிறோம். மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாவதைத் தயங்கித் தயங்கியே தொடும்; இரண்டாவதைத் தொடாமல் இருக்க முடியாது. ஆகவே தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

அப்படிப் பார்க்கும்போது அகப்படக்கூடிய தவறுகள் சில. திருட்டுக் குற்றத்துக்கு அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. அபராதம் கட்டத் தவறினால் அனுபவிக்க வேண்டிய சிறைக்காலம் அந்த அதிகபட்சத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 9 மாதம். தீர்ப்பில் ‘அபராதம் கட்டத் தவறினால் மேலும் ஓராண்டு மெய்க்காவல்’ (வெறுங்காவல் சிறை) என்று இருந்தால், அந்த வரி நிற்காது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கட்டத் தவறியதற்கான சிறை மற்றத் தண்டனையோடு சேர்ந்து ஓடாது, அதன் முடிவில் தனியாகச் சேரும் என்பதால், அபராதம் கட்ட வழியில்லாத குடும்பத்துக்கு இந்த மூன்று மாத வித்தியாசம் உண்மையான மூன்று மாதம். அடுத்தது, குற்றம் நடந்த நாளில் இல்லாத கூடுதல் தண்டனையைப் பின்னால் வந்த திருத்தத்தை வைத்து விதிப்பது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் ஆறாம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டாக இருந்தது. 2019 ஆகஸ்ட் 16 முதல்தான் அது இருபதாண்டானது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குத் திருத்தப்பட்ட பிரிவைப் போட்டுத் தண்டித்தால், அது அரசியல் சாசனத்தின் 20ஆம் கூறையே மீறுகிறது. தீர்ப்பு தேதியைப் பார்க்காமல் சம்பவ தேதியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே பாடம். கஞ்சா வழக்குகளில் எடை முக்கியம்: 20 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் வணிக அளவு, அதற்குத்தான் பத்தாண்டுக் குறைந்தபட்சம். அதற்குக் கீழே பத்தாண்டு என்பது உச்சவரம்பே தவிர, தொடங்கும் இடம் அல்ல.

கொலை வழக்குகளில் இன்னொன்று. ஆயுள் தண்டனை விதித்து, இத்தனை ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது என்று எழுதும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அமர்வு நீதிமன்றம் அப்படி எழுதியிருந்தால் அந்தப் பகுதியை நீக்கக் கேட்கலாம். இரண்டு பேரைக் கொன்ற வழக்கில் இரண்டு ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிடுவதும் 2016இல் வந்த இன்னொரு அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புக்குப் பிறகு செல்லாது.

ஏககாலமா, ஒன்றன்பின் ஒன்றா என்ற கேள்வி சாதாரண வழக்குகளிலும் ஆளைக் கவிழ்க்கும். ஒரே வழக்கில் ஒரு பிரிவுக்கு மூன்றாண்டு, இன்னொரு பிரிவுக்கு ஓராண்டு, மூன்றாவதற்கு ஆறு மாதம் என்று எழுதிவிட்டு, அவை எப்படி ஓடும் என்று சொல்லாமல் விட்ட தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் நீதிமன்றம் வாய்மூடி இருந்தால் தண்டனைகள் அடுத்தடுத்துத்தான் ஓடும். புதிய சட்டத்தின் 25ஆம் பிரிவு, குற்றங்களின் கடுமையைக் கருதி, சேர்ந்து ஓடுமா அடுத்தடுத்து ஓடுமா என்பதை நீதிமன்றம் உத்தரவிடவே வேண்டும் என்கிறது. ஆகவே அந்த மௌனமே இப்போது ஒரு தவறு. மேல்முறையீட்டில் எழுத வேண்டிய தனி அடிப்படை.

நடைமுறைத் தவறு என்று ஒரு வகை இருக்கிறது. நம் பக்கத்தில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். குற்றவாளி என்று முடிவு செய்தபின், தண்டனை பற்றி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் காலையில் குற்றவாளி என்ற முடிவு, பிற்பகலில் தண்டனை. இடையில் பதிவாவது ஒரே வரி: ‘வயதான தாய் தந்தையர் இருப்பதாகவும், குறைந்த தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்.’ அவருடைய படிப்பு, வேலை, முன்வழக்கு இல்லாமை, காயம்பட்டவருடன் சமரசமாகிவிட்டது, மனநோய்க்குச் சிகிச்சை பெற்றது ஆகிய எதற்கும் தாளில் இடமில்லை. 1976இலேயே உச்ச நீதிமன்றம், இந்தக் கேட்டல் சடங்கு அல்ல, அது நடக்கவில்லை என்றால் தண்டனை நிற்காது என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மறு ஆண்டே, எல்லா வழக்கையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, மேல்முறையீட்டு நீதிமன்றமே கேட்டு முடிக்கலாம் என்றும் சொன்னது. கட்சிக்காரர் சிறைக்குள் இருக்கிறார் என்றால், வழக்கு மறுபடி கீழ் நீதிமன்றத்துக்கு இறங்கி ஏறும் காலத்தை அவர் உள்ளேதான் கழிக்க வேண்டும். அந்த நிலையில், சான்றுகளை இணைத்து, மேல்முறையீட்டு நீதிமன்றமே கேட்டு முடிவு செய்யட்டும் என்று வேண்டுவதே நல்லது.

இளம் வயதினர் வழக்கில், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின்பேரில் விடுவிக்க வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டத்தை மறந்துவிடுவது இதே இனத்தைச் சேர்ந்த தவறு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவுப்படி, 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றமாக இல்லாதபோது, சிறைக்கு அனுப்புவதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்றுப் பார்க்க வேண்டும். அனுப்பியே தீர வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். ஊர்க்கொடையில் நடந்த அடிதடியில் ஆயுதத்தால் சாதாரணக் காயம் என்று தண்டிக்கப்பட்ட இருபது வயதுப் பையனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அதே அடிதடியில் ஆயுதத்தால் கொடுங்காயம் என்று தீர்ப்பானால், அந்தப் பிரிவுக்கு ஆயுள் தண்டனை வரை இடமிருப்பதால், ஆறாம் பிரிவு கைகொடுக்காது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் நன்னடத்தை உத்தரவு போடலாம் என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்வதால், கீழே கேட்காமல் விட்டதை மேலே கேட்பதில் தடையில்லை.

தவறு இன்னதென்று தெரிந்தபின் வழியை ஒப்பிடலாம். இங்கே உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: எல்லாவற்றையும் எதிர்க்கும் முழு மேல்முறையீடு, தண்டனையை மட்டும் எதிர்க்கும் குறுகிய மேல்முறையீடு.

குறுகிய வழிக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்கும் தொனி நீதிபதியிடம் எடுபடும். வாதம் நாற்பது சாட்சிகளைத் தொடாமல் அரை மணி நேரத்தில் முடியும். ‘ஏற்கெனவே அனுபவித்த சிறைக்காலமே போதும்’ என்ற ஒற்றை வரியில் ஆள் வெளியே வந்துவிடலாம். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது சிறிய லாபம் அல்ல. ஆனாலும் மனு போடும் கட்டத்திலேயே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முழு மேல்முறையீட்டிலும், குற்றத் தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் குறைக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. வாதம் நடக்கும் நாளில், நீதிபதியின் மனநிலையைப் பார்த்து, “குற்றத் தீர்ப்புக்கு எதிரான வாதத்தை வலியுறுத்தவில்லை, தண்டனையை மட்டும் பாருங்கள்” என்று இறங்கி வரலாம். குறுகிய மனுவைப் போட்டுவிட்டு, நாலு மாதம் கழித்து மருத்துவச் சான்றில் ஓட்டை தெரிந்தால், அங்கிருந்து ஏறி வருவது கடினம். இறங்குவதற்கு எப்போதும் படி இருக்கிறது, ஏறுவதற்கு இல்லை என்பதுதான் முழு மேல்முறையீட்டுக்குச் சாதகமான முதன்மைக் காரணம்.

ஆனால் முழு மேல்முறையீடு என்று நாம் வழக்கமாகப் போடுவதிலும் குறை உண்டு. பதினான்கு அடிப்படைகள் சாட்சியத்தைப் பற்றி இருக்கும். பதினைந்தாவதாக, ‘எப்படியாயினும் தண்டனை மிகக் கடுமையானது’ என்று ஒரு வரி இருக்கும். மேலே சொன்ன தவறுகளில் எது நேர்ந்திருந்தாலும், அதற்குத் தனி எண் கொடுத்து, தீர்ப்பின் எந்தப் பத்தியில் அது இருக்கிறது, எந்தப் பிரிவை அது மீறுகிறது என்று எழுதாவிட்டால், அந்த ஒற்றை வரியால் பயனில்லை.

குறுகிய வழியே சரியான வழி என்று நிற்கும் இடங்களும் உண்டு. நடுவர் நீதிமன்றத்திலோ அமர்வு நீதிமன்றத்திலோ குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குச் சட்டம் வேறு கதவைத் திறந்து வைக்கவில்லை: தண்டனையின் அளவு, அதன் சட்டத்தன்மை ஆகிய இரண்டை மட்டும் அவர் எதிர்க்கலாம். “ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிரும்” என்று யாரோ சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டு, சிறைத் தண்டனை வாங்கியவர்களின் நிலை இதுதான். குறைந்த தண்டனைக்குப் பேசி ஒப்புக்கொள்ளும் குற்றப் பேரம் என்னும் நடைமுறையில் முடித்துக்கொண்டவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு மேல்முறையீடே கிடையாது. நடுவர் விதித்த அபராதம் 100 ரூபாயைத் தாண்டாத சில்லறை வழக்குகளும் அப்படியே.

“அப்பீல் போட்டா தண்டனை கூடிப்போயிருமாமே” என்ற பயம் இந்த ஒப்பீட்டில் எப்போதும் குறுக்கே வரும். குற்றவாளி போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மதுரைக் கிளையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025இல் உச்ச நீதிமன்றம், குற்றவாளியின் மேல்முறையீட்டைக் கேட்கும்போது உயர் நீதிமன்றம் தன் சீராய்வு அதிகாரத்தைக் கையிலெடுத்து அவர் நிலையை மோசமாக்கக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு, விடுதலையையும் குறைந்த குற்றத்துக்கான தீர்ப்பையும் போதாத இழப்பீட்டையும் எதிர்க்க உரிமை உண்டே தவிர, தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய உரிமையில்லை என்பது 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மிச்சம் இருக்கும் ஆபத்து அரசு தரப்பு தனியாகப் போடக்கூடிய மேல்முறையீடு. அதற்கும் நாம் போடுவதற்கும் சம்பந்தமில்லை, நாம் சும்மா இருந்தாலும் அவர்கள் போடலாம். அப்படி அவர்கள் போட்டால், அதே வழக்கில் விடுதலையோ தண்டனைக் குறைப்போ கேட்டு வாதாடும் உரிமை குற்றவாளிக்குத் தானாக வந்துவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: சட்டம் குறைந்தபட்சம் ஏழாண்டு என்று வைத்திருக்கும் குற்றத்துக்கு நீதிமன்றம் தவறுதலாக ஐந்தாண்டு கொடுத்திருந்தால், தண்டனைப் பகுதியை நாமாகத் தோண்டிக் காட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

சீராய்வு மனுவைப் பலர் மேல்முறையீட்டுக்கு மாற்றாக நினைக்கிறார்கள். அது மாற்று அல்ல. மேல்முறையீடு செய்ய வழியிருந்தும் செய்யாதவர் கேட்டால் சீராய்வை ஏற்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அறியாமல் போட்டுவிட்டால் அதை மேல்முறையீடாகவே எடுத்துக்கொள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்பது மட்டும் ஆறுதல். நடுவர் தண்டித்து, பாளையங்கோட்டையில் மேல்முறையீடும் தள்ளுபடியானபின், 90 நாளுக்குள் மதுரைக்குப் போகும் வழிதான் சீராய்வு. அங்கே சாட்சியத்தை மறுபடி அலச மாட்டார்கள். ஆகவே தண்டனையில் சட்டத் தவறு இருப்பவருக்குச் சீராய்வு நல்ல களம். தண்டனை அதிகம் என்று மட்டும் சொல்பவருக்குச் சுமாரான களம்.

திருத்த மனு குறைந்த செலவில் விரைவாக முடியும். ஆனால் கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் தவிர வேறெதையும் அதே நீதிமன்றம் தொட முடியாது. தீர்ப்பில் ஏககாலம் என்று இருந்து, சிறைக்குப் போன தண்டனை வாரண்டில் அந்தச் சொல் விடுபட்டிருந்தால் திருத்த மனு போதும். விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழிக்கும் வரியில் தேதி தவறியிருந்தாலும் போதும். பாளையங்கோட்டை மத்திய சிறையில் விடுதலை தேதியைக் கணக்கிடுபவர் கையில் இருப்பது வாரண்ட்தான். கைதான நாள், ஜாமீனில் வந்த நாள், மறுபடி உள்ளே போன நாள் ஆகியவற்றை வாரண்டோடு ஒத்துப்பார்ப்பதை மேல்முறையீடு போடுகிறவர்களும் செய்ய வேண்டும். இரண்டு வெவ்வேறு வழக்குகளில் வந்த தண்டனைகளைச் சேர்த்து ஓடவிடக் கேட்பது திருத்தம் அல்ல. அப்படி உத்தரவு கிடைக்காமல் போன வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடித்தான் கேட்கிறார்கள்.

ஒன்றும் போடாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். ரிமாண்ட் நாட்களைக் கழித்தால் மீதி இரண்டு மூன்று மாதமே என்றால், மேல்முறையீடு எண்ணாகிப் பட்டியலுக்கு வருவதற்குள் ஆள் வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் முடிவெடுக்கும் முன் தண்டனை நிறுத்திவைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை, அதுவரை ஜாமீனில் இருந்தவர் என்றால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லித் தண்டித்த நீதிமன்றத்திலேயே அன்றைக்கே ஜாமீன் பெறலாம். குறுகிய காலத் தண்டனைகளைத் தாராளமாக நிறுத்திவைக்க வேண்டும், இல்லையேல் மேல்முறையீட்டுக்கே பொருளில்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பின்னரே உத்தரவு. அங்கே தண்டனையில் கண்ணுக்குத் தெரியும் சட்டத் தவறு இருப்பது நிறுத்திவைப்பு மனுவுக்கும் வலுச் சேர்க்கும்.

சும்மா இருந்துவிடலாம் என்பவர்கள் பார்க்கத் தவறுவது இரண்டாண்டு என்ற எல்லைக்கோட்டை. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால், ஐந்தாண்டுக் காலத்துக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். மேலப்பாளையத்திலிருந்தும் வள்ளியூர்ப் பக்கமிருந்தும் வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு அது சிறையைவிடப் பெரிய தண்டனை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் தகுதியும் பொதுவாக அதே இரண்டாண்டில்தான் போகிறது. அங்கே இருபத்து நான்கு மாதத்தை இருபத்து மூன்றாகக் குறைப்பது வெறும் ஒரு மாதச் சலுகை அல்ல. அனுபவித்து முடித்த தண்டனையாக இருந்தாலும் அதற்காக மேல்முறையீட்டை நடத்துவது தகும். நன்னடத்தை உத்தரவு பெற்றால், குற்றத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பே ஒட்டாது என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அரசு வேலையில் துறை தனியாக நடவடிக்கை எடுப்பதை அது தடுத்துவிடாது.

செலவை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும். காவலில் இருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞருக்கு உரியவர். பாளையங்கோட்டையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், மதுரையில் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவிலும் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சிறைக்குள் இருந்தபடியே சிறை அதிகாரி மூலம் மேல்முறையீட்டை அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. கெடு தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனு போடலாம். அதற்கு, நகல் எந்தத் தேதியில் கையில் கிடைத்தது என்ற சிறையின் சான்றை முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.